மூன்றாவது பேஸின் அளவு

சூசையப்பன் முறுக்கிய போல்ட் தளர்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. முப்பது வருஷம் வீடு வீடாக ஒயரிங் செய்த கை அது. அந்தக் கையைப் பற்றி அவருக்குப் பெருமை உண்டு. இருக்காதா பின்னே?

ஐம்பத்திரண்டு வயதில், தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவரான இன்ஜினியர் மெஹருன்னிசாவிடம் மீட்டர் பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்தார். இரண்டு வருஷம் ஆயிற்று. இன்று குடிநீர் நீரேற்று நிலையத்தில் புது மோட்டார். சோதனைத் தாளில் முதல்முறையாக அவருடைய கையெழுத்து விழப் போகிறது. மகள் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

பார்க்க வேண்டியது ஒன்றுதான். மோட்டார் உடம்பில் மின்சாரம் கசிந்தால், அது எர்த் வழியாகத் திரும்பி ஓடும் பாதையில் எவ்வளவு இம்பிடன்ஸ், அதாவது எவ்வளவு தடை? குறைவாக இருந்தால் பிரேக்கர் கண்மூடித் திறப்பதற்குள் விழும், மின்சாரம் நின்றுவிடும். கூடினால் விழாது. தொட்டவர்தான் விழுவார்.

மெஹருன்னிசாவிடம் தாளை நீட்டினார். மோட்டாருக்கு வரும் மூன்று மின்கம்பிகளுக்கும் ஒரே எண். ஆர் பேஸ் 0.42 ஓம். ஒய் 0.42. பி 0.42.

“மூணும் அளந்தீங்களாண்ணே?”

“ஆர் அளந்தேன் மேடம். அதே கேபிள், அதே நீளம். நடுவுல ஜாயின்ட்டும் நானே போட்டது. வீட்டு சிங்கிள் பேஸ்ல ஒண்ணு அளந்தா முடிஞ்சுது. இங்க மூணும் கூடப்பிறந்ததுக மாதிரிதானே?”

“சரி. மோட்டார் மேல கையை வைங்க. பி பேஸை அதோட உடம்புல தொட வைக்கிறேன். பிரேக்கர்தான் விழுந்துடுமே.”

சூசையப்பன் கையை நீட்டினார். மோட்டாருக்கு ஒரு சாண் மேலே அது நின்றுவிட்டது.

அப்போதுதான் தரையின் ஈரத்தைக் கவனித்தார். பம்ப் ஆபரேட்டர் பேச்சிமுத்து வெறுங்காலோடு நின்றிருந்தார். நாளை முதல் இந்த மோட்டாரைத் தொடப் போவது அவர்தான்.

கையை இழுத்துக்கொண்டு மீட்டரை எடுத்தார். ஒய் 0.45. பி 6.8.

முகம் செத்துவிட்டது. சப்ளையை நிறுத்தி ஜாயின்ட் பெட்டியைத் திறந்தார். பி பேஸ் போல்ட் விரலாலேயே சுழன்றது.

இறுக்கினார். சப்ளையைப் போட்டு மறுபடி மூன்றையும் அளந்தார். 0.42, 0.45, 0.43. பழைய எண்களைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் புதியவற்றை எழுதினார். கீழே, யாரும் கேட்காமலே இன்னொரு வரியும் எழுதினார்: ‘பி ஜாயின்ட் தளர்ந்திருந்தது, 6.8. போட்டவர் சூசையப்பன். இறுக்கியவர் சூசையப்பன்.’

ஒன்றுக்கொன்று ஒட்டாத அந்த மூன்று எண்களையும் பார்க்கப் பார்க்க, முப்பது வருஷத்தில் அறியாத ஒரு பெருமை அவருக்கு நெஞ்சு நிறைய வந்தது.

மெஹருன்னிசா தாளைப் படித்தார். தன் பேனாவை நீட்டினார்.

“போடுங்கண்ணே.”

அவர் வாங்கவில்லை. “பி பேஸ்ல கோளாறுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?”

“தெரியாது.”

“தெரியாமலா என்னைக் கையை வைக்கச் சொன்னீங்க?”

“உங்களுக்குத் தெரியும்னு தாள்ல எழுதியிருந்தீங்களே.”