முந்திரிக்கு முந்தின கைநாட்டு

ஒரு ஊர்ல ஒரு மணியக்காரர் இருந்தாராம். எந்த ஊருன்னு கேக்காதீங்க, சொன்னா நம்ம ஊரோன்னு சந்தேகம் வரும். மணியக்காரர்னா ஊருக்கே தலைவர். பேரு ஏகாம்பரம். ரொம்ப ரொம்ப நல்லவராம். யாரு சொன்னான்னா, அவரேதான் சொல்லிக்கிட்டாரு.

அந்த நாட்டு ராஜா ஒரு சட்டம் போட்டிருந்தாரு. தோப்போ, காடோ, ஏரியோ, ஊருக்குப் பொதுவான எதையும் ஊர்க்கூட்டம் சம்மதிக்காம யாரும் தொடக்கூடாது. ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு காகிதம், அரண்மனை முத்திரை குத்தி வரும். மேல தீர்மானத்த எழுதணும், கீழ ஜனங்க கைநாட்டு வைக்கணும். கைநாட்டுக்கு மேல என்ன எழுதியிருக்கோ அதுக்கு வச்சவங்க சம்மதிச்சாச்சுன்னு அர்த்தம். நல்ல சட்டந்தானே? ராஜாங்க எல்லாம் நல்ல சட்டமாத்தான் போடுவாங்க. போட்டுட்டுப் போய்ப் படுத்துக்குவாங்க.

அந்த ஊர் ஜனங்க கூட்டத்துக்கு வரவே மாட்டாங்களாம். மணியக்காரர் யோசிச்சாரு. கூட்டம் முடிஞ்சதும் சக்கரைப் பொங்கல்னு தண்டோரா போட்டாரு. அப்புறம் பாக்கணுமே, நடக்க முடியாதவங்களக்கூட தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க. வாசல்ல ஒரு எழுத்துக்காரர் காகிதத்த வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. பொங்கல் தின்னா கை பிசுபிசுன்னு ஆயிரும், காகிதம் பாழாப் போயிரும், அதனால முதல்ல கைநாட்டு வச்சிருங்க, தீர்மானத்த நாங்க அப்புறமா நிதானமா எழுதிக்கிறோம்னாரு. ஜனங்களும், அட, எவ்வளவு சுத்தம் பாக்குறாங்கன்னு மெச்சிக்கிட்டே, வெறும் காகிதத்துல அடியில பெருவிரல வச்சு வச்சு அழுத்திட்டு, கையக் கழுவிக்கிட்டு, பந்தியில உக்காந்துட்டாங்க.

மறுவாரம் புளியந்தோப்புல புளி உலுக்கப் போனா, காவக்காரன் தடிய நீட்டினான். தோப்பு மணியக்காரருது, நீங்கதான் குடுத்தீங்கன்னான். ஜனங்க தலையச் சொறிஞ்சிக்கிட்டே திரும்பி வந்தாங்க.

அடுத்த வருசம் இன்னொரு கூட்டம், இன்னொரு பொங்கல். இந்தத் தடவ நெய் கூட. மறுவாரம் மாட்ட ஓட்டிக்கிட்டு மேய்ச்சக்காட்டுக்குப் போனா அங்கயும் காவக்காரன், அங்கயும் தடி, நீங்கதான் குடுத்தீங்கன்னு அதே பேச்சு. ஜனங்க மறுபடியும் தலையச் சொறிஞ்சாங்க. ஆனா நெய்ய நினைச்சு மனசு ஆறிப்போச்சு.

அந்த ஊர்ல பூவாயின்னு ஒருத்தி. நாப்பது வாத்து வச்சிருந்தா. அந்த வாத்து ஏரியிலதான் கெடக்கும், அது போடுற முட்டையிலதான் அவளுக்குச் சோறு. அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம், எதப் பாத்தாலும் ஏன்னு கேப்பா. அதனால ஊர்ல அவளுக்குப் பைத்தியக்காரின்னு பேரு. ஏன் சிரிக்கிறீங்க? இப்பவும் அப்படித்தான் பேரு வைக்கிறாங்க.

மூணாவது வருசமும் தண்டோரா போட்டாங்க. இந்தத் தடவ பொங்கல்ல முந்திரி. பூவாயி கணக்குப் போட்டுப் பாத்தா. தோப்பு போச்சு, காடு போச்சு, ஊருக்குன்னு மிச்சம் இருக்கிறது ஏரி ஒண்ணுதான். அதுவும் போனா வாத்தெல்லாம் செத்துரும், நானும் ஊரவிட்டுப் போக வேண்டியதுதான்னு நினைச்சு, வீடு வீடா ஓடினா. வெறும் காகிதத்துல வெரல வைக்காதீங்கன்னு கும்பிட்டுச் சொன்னா.

முதல் வீட்டுல, ஊரே வைக்குது, நாங்க மட்டும் வைக்கலன்னா நல்லாவா இருக்கும்னாங்க. ரெண்டாவது வீட்டுல, நமக்கெதுக்கு இந்த ஊர்ப்பொல்லாப்பு, பெரியவங்க பாத்துக்குவாங்கன்னாங்க. மூணாவது வீட்டுல கதவப் பாதி திறந்து, முந்திரி முழுசாப் போடுறாங்களா, உடச்சுப் போடுறாங்களான்னு கேட்டாங்க.

பூவாயி வரப்புல உக்காந்து அழுதா. நல்லா அழுதுட்டு மூக்கச் சிந்திப் போட்டுட்டு எந்திரிச்சா. இந்த ஜனங்களுக்கு நியாயம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, முந்திரியத்தான் சொல்லணும்னு முடிவு பண்ணிட்டா.

கூட்டத்தன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடி போய் நின்னா. எழுத்துக்காரர் வழக்கம்போல காகிதத்தோட அடிய விரலால தொட்டுக் காமிச்சு, இங்க வை ஆத்தான்னாரு. பூவாயி ஊருக்கே கேக்கிற மாதிரி சத்தமாச் சொன்னா:

"அதெப்படிங்க? ரெண்டு வருசமா அடியில வச்சேன், பந்தியிலயும் அடியிலயே போயிருச்சு. ஒரு துளி நெய் கண்ணுல படல. மேல வச்சவங்களுக்குத்தானே முதல் பந்தி, முந்திரியெல்லாம் அவங்களுக்குத்தானே?"

சொல்லிட்டு, காகிதத்தோட உச்சி விளிம்புல பெருவிரல நச்சுன்னு வச்சா.

அவ்வளவுதான். முதல் பந்தின்னு காதுல விழுந்ததும் ஊரே பாஞ்சுருச்சு. நான் மேல, நீ கீழன்னு இடிச்சுக்கிட்டு, மைக்கூட்டத் தட்டிவிட்டு, எழுத்துக்காரர ஓரமாத் தள்ளிட்டு, உச்சியிலருந்து வரிசை வரிசையாக் கைநாட்டு வச்சாங்க. அவரு ஐயோ, மேல வேணாம்னு கத்தினாரு. அவரு தன் ஆளுங்களுக்கு இடம் பிடிக்கிறாருன்னு நினைச்சு இன்னும் வேகமா வச்சாங்க. ஏரியக் காப்பாத்தணும்னு ஒருத்தரும் நினைக்கல. முந்திரிதான் காப்பாத்துச்சு.

மணியக்காரர் வந்து பாத்தா, காகிதத்துல எழுத இடமே இல்ல. அடியில மட்டும் நாலு விரல் அகலம் மிச்சம். வேற காகிதம் கிடையாது. ராஜா வேற அந்த வருசம் ஊர் ஊராப் போய்க் காகிதத்த நேர்லயே பாக்குறாருன்னு சேதி வந்திருச்சு. சரி, எங்க எழுதினா என்ன, நான் எழுதினதுல தப்புக் கண்டுபிடிக்க எவன் இருக்கான்னு, அந்த அடியிலயே எழுதச் சொன்னாரு. எழுத்துக்காரர் தயங்கித் தயங்கி, ஐயா, எழுத்துக்குக் கீழ ஒரு கைநாட்டாச்சும் இருக்கணுமேன்னாரு. அதுக்கென்னன்னு மணியக்காரர் தன் பெருவிரலையே அமுக்கிட்டாரு.

ராஜா வந்தாரு. ஊரக் கூட்டினாரு. காகிதத்த வாங்கித் தானே வாய்விட்டுப் படிச்சாரு.

"கீழே கைநாட்டு வச்ச நாங்க, ஏரிய மணியக்காரருக்கு மனசாரக் குடுத்துட்டோம். அதுக்குப் பதிலா ஊருக்கு ஒரு புது ஏரிய, மேக்கால பாறைக்காட்டுல, கூலி வாங்காம எங்க கையாலேயே வெட்டிருவோம்."

படிச்சிட்டு, கீழ இருக்கிறது யாரோட ரேகைன்னு கேட்டாரு. மணியக்காரர் வேர்த்துப்போய், என்னோடதுதாங்க மகாராஜான்னாரு. மேல இருக்கிறதெல்லாம்? ஊர் ஜனங்களோடதுங்க. அதுக்கு மேல ஒரு எழுத்தும் காணமேன்னாரு ராஜா.

"அப்போ ஊரு எதுக்கும் சம்மதிக்கல. சம்மதிச்சது நீ ஒருத்தன். ஊரு ஏரிய நீயே எடுத்து உனக்கே குடுத்துக்க முடியாது, அது அங்கயே இருக்கட்டும். ஆனா பாறைக்காட்டுல கூலி வாங்காம வெட்டுறேன்னு சொல்லியிருக்க பாரு, அத நீயே சொல்லி நீயே விரல் வச்சிருக்க. நாளைக்கே ஆரம்பிச்சிரு."

ஜனங்களுக்கு ஒரே குஷி. அப்படியே எங்க தோப்பையும் காட்டையும் வாங்கிக் குடுங்க மகாராஜான்னு கேட்டாங்க. ராஜா பழைய காகிதம் ரெண்டையும் பெரட்டிப் பாத்தாரு. அதுல மேல எழுத்து ஒழுங்கா இருந்துச்சு, கீழ ரேகையும் ஒழுங்கா இருந்துச்சு. நீங்க வச்ச விரலுக்கு நான் என்னய்யா பண்ண முடியும்னு சொல்லிட்டுத் தேர்ல ஏறிப் போயிட்டாரு. தோப்பும் வரல, காடும் வரல. புளி வேணும்னா காசு குடுத்துத்தான் வாங்கினாங்க.

மணியக்காரர் கடப்பாறையத் தூக்கிக்கிட்டு பாறைக்காட்டுக்குப் போனாரு. ஒரு நாள் வெட்டினாரு, ரெண்டு நாள் வெட்டினாரு, மூணாம் நாள் கை கொப்புளம் போட்டு முதுகு பிடிச்சுக்கிச்சு. வழியில போன ஜனங்களக் கூப்பிட்டு, உங்களுக்காகத்தானே வெட்டுறேன், ஆளுக்கு ரெண்டு கூடை மண்ணாவது அள்ளிப் போடுங்கப்பான்னு கெஞ்சினாரு.

ஜனங்க நின்னாங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

"எழுதிக் குடுங்க, மணியக்காரரே. படிக்கத் தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, அப்புறமாச் சொல்றோம்."

வாத்து ஏரியில, மணியக்காரர் குழியில, கதை உங்க காதுல. படிக்காத காகிதத்துல பந்திக்காக விரல் வைக்காம இருங்க, அது போதும். தூங்குங்க.