பெயர் வெட்டிய தட்டு

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பூரணத்துக்கு மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை.

சொல்ல வேண்டிய விஷயம் சின்னதுதான். மடத்துச் சமையல்கட்டின் உத்தரத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஐப்பசி மழைக்குள் மாற்றாவிட்டால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான். டவுனில் தொழில் படித்துக்கொண்டு, மடத்தில் தங்கிச் சாமியிடம் பாடம் கேட்கிற பதினொரு பேரும் பாதிப் படிப்பில் ஊருக்குத் திரும்ப வேண்டும். முன்பு இங்கே இருந்து போனவர்களைக் கேட்டுப் பார்க்கலாம் என்றார் சாமி. கேட்கிற பொறுப்பைப் பூரணத்திடம் கொடுத்தார்.

சாமி அவளைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் குரு குருதான். ஐந்தாம் வகுப்போடு நின்ற தன்னை இதில் மாட்டிவிட வேண்டாம் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

“இருபத்திரண்டு வருசமா அவங்களுக்குச் சோறு போட்டது யாரு?” என்றார் சாமி. அதோடு பேச்சு முடிந்தது.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. படிப்பு முடிந்து போகிறவன் தன் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு ஒன்றை விட்டுவிட்டுப் போவான். புதிதாக வருகிறவன் அந்த வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து, இருக்கும் வரை அதில் சாப்பிடுவான்.

பூரணத்துக்கு அந்தத் தட்டுகளை நினைத்தாலே பகீரென்றது. ஒன்றில் நெளிசல், ஒன்றில் கீறல். பெரிய வேலையில் இருப்பவர்கள் வந்து, என் தட்டை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால்? எல்லாவற்றையும் பறித்துப் புளி போட்டுத் தேய்த்தாள். ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றித் தகரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். பதினொரு பேருக்கும் தையல் இலை போட்டாள்.

வரச் சொல்லிச் சாமி போட்ட கடிதம் கிடைத்து முதலில் வந்தவன் மருதமுத்து. இப்போது பாலம் கட்டுகிற வேலையில் இருந்தான். அந்தக் காலத்தில் மூன்றாம் முறை ரசம் கேட்டு அடுப்படியில் வந்து நிற்பவன்.

மனப்பாடம் செய்ததைப் பூரணம் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். மழையை முதலில் சொன்னாள், கரையானைக் கடைசியில் சொன்னாள், நடுவில் கொஞ்சம் விட்டும்போனது. அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

“என் தட்டு இருக்காக்கா?”

அவள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். முகம் பார்க்கலாம் போல மின்னியது. அவன் தன் பெயர்மேல் விரலை ஓட்டினான்.

“இதுல யாரும் சாப்பிடுறதில்லையா?”

“தொடவே விடல தம்பி. பத்திரமா வச்சிருக்கேன்.”

அவன் தட்டை மெல்லக் கீழே வைத்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான். போட்ட காபியைக்கூடக் குடிக்கவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று போய்விட்டான்.

சாமி நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பூரணம் அவர் முன்னால் உட்கார்ந்து அழுதாள். மழையை முதலில் சொன்னதுதான் தப்பு என்றாள். சாமி அதை விட்டுவிட்டு, அவன் என்ன கேட்டான் என்றார். சொன்னாள். அவர் மேலும் இரண்டு கடலை உரித்தார்.

மதியம் எல்லாரோடும் பந்தியில் உட்கார்ந்தவர், தன் முன்னால் போட்ட இலையைத் திருப்பி அவளிடமே நீட்டினார்.

“என் தட்டு எங்க?”

“அதுவும் பெட்டியிலதான் சாமி.”

“சரி. காத்திருக்கேன்.”

குரு பசியோடு உட்கார்ந்திருக்க எவளுக்குக் கை ஓடும்? பெட்டியைத் திறந்து எல்லாத் தட்டையும் வெளியே போட்டாள். அவசரத்தில் தட்டுகள் ஆள் மாறின. மருதமுத்துவின் தட்டு, ஆனி மாதம் வந்து சேர்ந்த சடையனுக்குப் போனது. அதில் ஒரு பக்கம் பள்ளம். ரசம் முழுதும் அங்கே ஓடி ஒதுங்கியது. சடையன் முனகினான்.

“அதை அவனுக்கே எழுது,” என்றார் சாமி.

சடையன் எழுதினான். ‘அண்ணே, நான் சடையன். உங்கள் தட்டில் சாப்பிடுகிறேன். இதில் எப்படித்தான் ரசம் குடித்தீர்கள்?’ அவ்வளவுதான் கார்டு.

தபால் பெட்டி வரை பூரணம்தான் கொண்டுபோனாள். உத்தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. அடியில் நாமே ஒரு வரி சேர்த்தால் என்ன என்று நின்றாள். பிழையாக எழுதிவிடுவோமோ என்ற பயத்தில் அப்படியே போட்டுவிட்டாள்.

எட்டாம் நாள் வாசலில் லாரி வந்து நின்றது. நல்ல தேக்கு உத்தரம், கைமரங்கள், இரண்டு தச்சர்கள். மருதமுத்து இறங்கினான். அவன் காலத்தில் இருந்த இன்னும் நாலு பேர் பின்னால் இறங்கினார்கள்.

“எவன்டா அது, ரசம் குடிக்கத் தெரியாதவன்?”

சடையன் எழுந்து நின்றான். மருதமுத்து அவன் எதிரிலேயே பந்தியில் உட்கார்ந்தான். தட்டை வாங்கிப் பள்ளத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, சோற்றை எதிர்ப்பக்கம் கரை கட்டி, ரசத்தை அங்கே நிறுத்திக் காட்டினான். அந்தப் பள்ளம் எந்தச் சண்டையில், யார் மண்டையில் விழுந்தது என்று அவன் சொல்ல, மண்டைக்கு உரியவர் பக்கத்திலிருந்து மறுத்தார். பந்தியில் சிரிப்பு அடங்க வெகுநேரமானது. பூரணம் மூன்று முறை ரசம் ஊற்றினாள்.

நான்கு நாளில் கூரை ஏறியது. ஆறாம் நாள் மழை கொட்டியது. ஒரு சொட்டுகூட அடுப்பில் விழவில்லை.

சாமிக்குச் சுக்குக்காபி கொடுக்கும்போது பூரணம் கேட்டாள். “மொதல்ல நான் என்ன தப்பாச் சொன்னேன் சாமி? மழையை முன்னால சொன்னதா?”

“நீ சொன்னதெல்லாம் சரிதான்.”

“பொறவு ஏன் அன்னிக்கு அப்படிப் போனான்?”

சாமி காபியை ஆற்றினார்.

“செத்தவங்க பொருளைத்தான் துணியில சுத்திப் பெட்டியில வைப்பாங்க, பூரணம்.”

அவள் உள்ளே போய்த் தகரப்பெட்டியின் பூட்டைக் கழற்றினாள். எதற்கும் இருக்கட்டும் என்று, இனி ஒரு தட்டுக்கும் இடமில்லாதபடி பெட்டி நிறைய வெங்காயத்தைக் கொட்டி வைத்தாள்.