இருளாயிக்குத் தூக்கம் வந்த வாசம்

ஒரு கடக்கரை ஊர்ல ஒரு புதுப்பொண்ணு இருந்தா. பேரு இருளாயி. கடலையே பாத்திராத ஆட்டுக்காரக் குடும்பத்துப் பொண்ணு. வாக்கப்பட்டதோ மீன்காரன் நம்புராஜனுக்கு. ரெண்டு பேருக்கும் அம்புட்டுப் பிரியம். ம் கொட்டு... ஆங்.

ஆனா ஒரு சங்கடம். அவங்க படுக்குற அறைக்குப் பின்னாடியே கருவாட்டுக் கொட்டகை. படுத்தா போதும், வாசம் குப்புன்னு மூக்குல ஏறும். கண்ணு சொருகுனதும் கனவு வரும். காஞ்சு கெடந்த கருவாடெல்லாம் சரசரன்னு எந்திரிச்சு, வாலைத் தரையில ஊனி நின்னுக்கிட்டு, "ஏய் ஆட்டுக்காரி! ஒனக்கு இங்க என்ன வேலை? போடி ஒன் ஊருக்கு!"ன்னு வெரட்டும். இவ "ஐயோ!"ன்னு அலறுவா. வீடே முழிச்சுக்கும். தெனமும் இதே கூத்து.

அப்புறம் நம்புராஜன் மல்லிகைப்பூ வாங்கியாந்து தலமாட்டுல வச்சான். "இந்த வாசத்துக்கு நல்ல கனவா வரும் புள்ள." வந்துச்சே! கல்யாண மேடையில ஆளாளுக்கு மாலை மேல மாலை போட்டு, கழுத்து மறைஞ்சு, மூக்கு மறைஞ்சு, மூச்சே முட்டிப்போச்சு. அவ ஒதச்ச ஒதையில நம்புராஜன் கட்டில்ல இருந்து தொபுக்கடீர்!

அப்போ மாமியார், "நாக்குல ருசி இருந்தா கனவும் ருசிக்கும்"னு சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுப் பால் காய்ச்சிக் குடுத்தா. பாவம், சுக்கு கொஞ்சம் கூடிப்போச்சு. கனவுல வாய்க்குள்ள அடுப்பு எரியுது, குபுகுபுன்னு! கெணறு கெணறா ஓடுறா, எல்லாம் வத்திக் கெடக்கு. முழிச்சதும் கொடத்துத் தண்ணியவே மடக்கு மடக்குன்னு குடிச்சா.

மூணாவதா பக்கத்து வீட்டு அக்கா வந்து சாம்பிராணி போட்டா. கனவுல ஒரே பொகை. பொகைக்குள்ள அதே கருவாடுங்க, லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டே வெரட்டுது! ம்... தூங்கிட்டியா? இல்லையா? சரி.

விடிஞ்சதும் இருளாயிக்கு அழுகையா வந்துச்சு. "அத்தை, என்னால யாருமே தூங்கலை. நான் எங்க அய்யா வீட்டுக்கே போறேன்." மாமியார் அவ கையப் புடிச்சு நிறுத்திப் பாத்தா, இருளாயி நிக்கலை. நம்புராஜன் கடலுக்குப் போயிருந்தான்.

பஸ் நிக்கிற எடத்துக்குப் பக்கத்து வயல்ல வெளியூர்க்காரர் ஒருத்தர் ஆடுகளை அடைச்சு வச்சிருந்தார். காத்து அங்க இருந்து வீசுச்சு. ஆட்டு முடி, புழுக்கை, பால், எல்லாம் கலந்த வாசம். அவ பொறந்ததுல இருந்து பழகுன வாசம். பஸ்ஸுக்காக மரத்தடியில உக்காந்தவ அப்படியே சாஞ்சு தூங்கிட்டா. பஸ் பாம் பாம்னு வந்துச்சு. புர்ருன்னு போயிருச்சு. அவ அசையலை.

அப்போ கரைக்கு வந்த நம்புராஜன் சேதி கேட்டு மூச்சு வாங்க ஓடியாந்தான். பாத்தா, தூக்கத்துல சிரிச்சுக்கிட்டிருக்கா! அவன் எழுப்பலை. வெயில் படாம துண்டை விரிச்சுப் புடிச்சுக்கிட்டு நின்னான்.

முழிச்சதும், "என்ன கனவு புள்ள?"

"எங்க அய்யா ஆடு மேய்க்கிறாரு. நீங்களும் வந்தீங்க. ஒரு குட்டி ஒங்க லுங்கியத் தின்னுருச்சு."

சொல்லிட்டு அவ அழுதா, சிரிச்சா. "இந்த வாசம் மட்டும் இருந்தா, நான் நம்ம வீட்டுலயே தூங்குவேங்க."

அம்புட்டுதான். ஆட்டுக்காரர்ட்ட கேட்டு ஒரு குட்டிய வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டான்.

"வீட்டுக்குள்ள ஆடா!"ன்னா மாமியார். அப்புறம் மருமக மொகத்தைப் பாத்துட்டு, தானே ஒரு சாக்கை விரிச்சு, "கட்டில் கால்லயே கட்டு"ன்னுட்டா.

அன்னைக்கும் கனவுல கருவாடுங்க வந்துச்சு. குட்டி "ம்மே!"ன்னு ஒரே முட்டு. எல்லாம் பொளக்கு பொளக்குன்னு கடல்ல விழுந்து, உசுரு மீனாகி நீந்திப் போயிருச்சு. இருளாயி விடிய விடியத் தூங்குனா.

விடியக்கால, "ம்மே... ம்மே"ன்னு சத்தம். குட்டியப் பாத்தா அது தூங்குது. தூக்கத்துல கத்துறது நம்புராஜன்! இருளாயி அவனை உலுக்கப் போனா. கதவுகிட்ட இருந்து மாமியார் சொன்னா:

"எழுப்பாத ஆத்தா. நல்லா மேஞ்சுட்டு வரட்டும்!"

கதையும் மேஞ்சு முடிச்சுப் படுத்திருச்சு. நீயும் கண்ண மூடு, தூங்கு.