வாய் அடைத்த துப்பாக்கி

கீரை ஆய்ந்துகொண்டே சொல்கிறேன். எங்க வீட்டுக்காரர் செங்கோடனுக்குப் போலீஸ் துப்பாக்கிக் கிடங்கில் எடுபிடி வேலை. புதிதாக வந்த அதிகாரி துப்பாக்கிக் குழலைக் குட்டையாக வெட்டச் சொன்னார். சத்தம் அடங்க முனையில் சைலன்சரும் மாட்டச் சொன்னார். அடுத்த தோட்டாவை ஏற்ற, குழலிலிருந்து புகையைப் பின்னால் அனுப்பும் துளை ஒன்று உண்டு. அதையும் பெரிதாக்கச் சொன்னார்.

"ஐயா, அது வந்து..." என்று இவர் இழுத்தார்.

"எவனும் வாயைத் திறக்கக் கூடாது!"

சொன்னபடியே இவர் செய்து கொடுக்க, அதிகாரி சுட்டார். புகை திரும்பி அவர் முகத்திலேயே அப்பியது.

"ஏன்டா இப்படி? காரணம் சொல்லு, இல்லாட்டி உன் வேலை போச்சு!"

"வாயை அடைச்சுட்டீங்க ஐயா. முன்னால பேச விடாட்டி பின்னாலதானே பேசும்?"

காவலர்கள் சிரித்துவிட்டார்கள். கரி மூஞ்சியோடு அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, துளையைச் சின்னதாக்கு. இனி நீ வாயைத் திறக்கலாம்."

அன்றைக்குத் திறந்த வாயை இவர் வீட்டிலும் மூடுவதே இல்லை. நேற்றுகூடக் குழம்பில் உப்பு...

"ஏம்மா, பிள்ளை அழுவுது!"

இதோ, அவரேதான். நான் போய்ப் பிள்ளையைத் தூக்கிவிட்டு வருகிறேன்.