ஜமீன்தாரின் அண்டா

கோட்டைக்காடு ஜமீன்தார் ஏறி உட்கார்ந்ததும் பல்லக்குக் கம்பு மளுக்கென்று முறிந்தது. குற்றம் யாருடையது? தூக்கியவனுடையதுதான், வேறு யாருடையது! முன்கம்பு தூக்கும் பேச்சிமுத்துவைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏலே, என் எடை குறைய ஒரு வழி சொல்லு. ஆனா அல்வாவையும் ஆட்டுக்காலையும் விட மாட்டேன். சொல்லாட்டி சவுக்கடிதான்."

"எதையும் விட வேண்டாம் எசமான். உங்க வாய்க்குள்ள எவ்வளவு போகுதோ, அதே அளவு பக்கத்துல ஒரு அண்டாவுலயும் போடச் சொல்லுங்க. சாயங்காலம் எட்டிப் பாருங்க. அப்புறம் அதை எங்க வீடுகளுக்குக் குடுத்துருங்க."

முதல் நாள் எட்டிப் பார்த்தவருக்குக் குமட்டியது. சாப்பாடு அண்டாவின் விளிம்பைத் தொட்டிருந்தது. "இத்தனையுமா என் வயித்துக்குள்ள போச்சு?"

மறுநாள் தட்டு நிறைய இருந்த அல்வா நாலு துண்டானது, அப்புறம் ஒன்றானது. ஜமீன்தார் இளைக்க இளைக்க அண்டாவும் இளைத்தது. பல்லக்குத் தூக்கிகளின் பிள்ளைகள் அல்வாவின் ருசியைத் தெரிந்துகொண்டதோடு சரி.

தை பிறந்ததும் ஜமீன்தார் பல்லக்கில் துள்ளி ஏறினார். எல்லாம் தன் வைராக்கியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

"இப்பத்தான் நான் லேசாயிட்டேனே, நாலு ஆள் எதுக்கு? ரெண்டு பேர் போதும். பேச்சிமுத்து, நீ வீட்டுக்குப் போ."

"சாப்பாட்டுக்கு என்ன செய்வேன் எசமான்?"

"என்னை மாதிரி அளவாச் சாப்பிடு. தினமும் பாத்திரத்தை எட்டிப் பாரு."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம் எசமான். எங்க கஞ்சியில முகம் பார்த்துத் தலையே வாரிக்கலாம். அது என்னமோ, எங்களுக்குத்தான் குமட்டவே மாட்டேங்குது."