கையா, காலா?

சீன தேசத்தின் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இரண்டு குங்ஃபூ பள்ளிகள் இருந்தன. வடக்குப் பள்ளியின் வித்தை பரந்த சமவெளியில் பிறந்தது. அங்கே எட்டி உதைக்கப் பழக்கினார்கள். தெற்குப் பள்ளியின் வித்தை குறுகிய படகுகளில் பிறந்தது. அங்கே நெருங்கி நின்று குத்தப் பழக்கினார்கள்.

புதிதாக வந்த அதிகாரி கோங், தெற்குப் பள்ளி முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "ஊருக்கு ஒரு பள்ளி போதும். எது மூத்த வித்தையோ அது இருக்கட்டும். மற்றதைப் பூட்டிவிடுவேன். மதியத்துக்குள் பதில் வேண்டும்!"

இரு ஆசான்களும் குருவின் குருவரைக்கும் பெயர் சொல்லித் தொண்டை வறண்டுபோனார்கள். அதிகாரி மசியவில்லை.

தெற்குப் பள்ளியில் சோறாக்குபவள் சுன்யூ. பள்ளி போனால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. அகப்பையோடு முன்னால் வந்தாள்.

"எசமான், நான் சொல்லட்டுமா?"

"சமையல்காரிக்கு என்ன தெரியும்? சரி, சொல்லித் தொலை."

அவள் அகப்பையை அவர் முகத்துக்கு நேரே சட்டென்று ஓங்கினாள். "ஐயோ!" என்று அதிகாரி கைகளால் முகத்தை மறைத்தார். காலும் தானாக உதைத்தது. நாற்காலியோடு மல்லாந்தார்.

சுன்யூ அவரைத் தூக்கிவிட்டுக் கும்பிட்டாள். "மன்னிக்கணும் எசமான். கை முந்திச்சா, கால் முந்திச்சா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு."

"குத்தும் உதையும் அடிக்குப் பயந்த மனுஷனுக்குப் பிறந்த இரட்டைப் பிள்ளைங்க எசமான். இதுல மூத்தது எது?"

கூட்டம் சிரித்தது. கோங்கும் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டு, இரண்டு பள்ளிகளும் இருக்கட்டும் என்று எழுதிக்கொடுத்தார்.

அன்று சுன்யூ இன்னொரு உலை வைத்தாள். வடக்குப் பள்ளிக்காரர்களும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.