நரி மட்டும் நம்பியது

வற்றிப்போன ஒரு குளத்தின் கரையில் முயல்கள் கூட்டமாக வாழ்ந்தன. அந்தப் பக்கத்தில் பதுங்குவதற்கு இருந்தது ஒரே ஒரு சூரைமுள் புதர். நரி மூக்கை நீட்டினால் மூக்கு கிழிந்துவிடும், அவ்வளவு முள். ஆனால் உள்ளே ஒரு முயல்தான் படுக்க முடியும்.

அதனால் முயல்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தன. பிரசவம் நெருங்கிய முயல் புதருக்குள் இருக்கலாம். குட்டி போட்ட அன்றே வெளியேறி அடுத்தவளுக்கு இடம் விட வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. சினையாக இருப்பவளை ஆண் முயல் நெருங்கக் கூடாது. நெருங்கினவனைக் கூட்டத்தை விட்டே தள்ளிவைத்துவிடுவார்கள். இரண்டும் நல்லதுக்காக வந்த வழக்கங்கள்தான். ஆனால் வழக்கம் வந்த பிறகு யாரும் யோசிப்பதில்லை.

அந்தக் கோடையில் பூளை என்ற முயல் புதருக்குள் இரண்டு குட்டிகள் போட்டாள். பிறக்கும்போதே கண் திறந்த, மெத்தென்ற குட்டிகள். முயல்கள் செய்கிறபடியே ஆளுக்கொரு புல்திட்டில் ஒளித்துவைத்தாள். பொழுது சாயும்போது வந்து பால் கொடுப்பதாகச் சொன்னாள். பிறகு திரும்பிப் போய்ப் புதருக்குள்ளேயே படுத்துக்கொண்டாள்.

வாசலில் கோரை வந்து நின்றாள். பூளையின் நாத்தனார். அவளுக்கும் வயிறு தள்ளியிருந்தது.

"மதினி, எந்திரிங்க. இனி என் முறை."

"எனக்கு வயித்துல இன்னும் பிள்ளை இருக்கு, கோரை."

கோரை சண்டை போடவில்லை. நேரே போய் முறத்தானை அழைத்து வந்தாள். முறத்தான்தான் கூட்டத்துக்குத் தலைவன். முறம் மாதிரி காது, அதனால் அந்தப் பெயர். காது பெரிதாக இருந்தால் நன்றாகக் கேட்கும் என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம்.

பூளை எல்லாவற்றையும் சொன்னாள். முதல் சினை வயிற்றில் இருக்கும்போதே இரண்டாவது சினையும் பிடித்துவிட்டது. முதலாவது பிறந்துவிட்டது, இரண்டாவது உள்ளே புரள்கிறது. கூட்டம் சிரித்தது. ஒருத்தி அது வாயு என்றாள். இன்னொருத்தி பிரசவ வலியின் மிச்சம் என்றாள். இடத்தை விட மனசில்லை, அதுக்கு ஒரு கதை என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

"நிறைஞ்ச பானையில தண்ணி ஊத்தினா வழியத்தானே செய்யும்?" என்றான் முறத்தான். "பிள்ளை இருக்கிற வயித்துல இன்னொரு பிள்ளை எப்படித் தங்கும்?"

"என் வயிறு பானை இல்ல மாமா. வேணும்னா தொட்டுப் பாருங்க."

யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அது மரியாதை இல்லையாம்.

பூளை தன் புருஷன் செம்பட்டையைப் பார்த்தாள். முதல் சினையின் நடுவில் ஒரு நாள் மழை பெய்தபோது அவன் அவளைத் தேடி வந்திருந்தான். அது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

"இவரைக் கேளுங்க" என்றாள்.

"ஏலே செம்பட்டை, சினையா இருந்தவகிட்ட நீ போனியா?" என்று கேட்டான் முறத்தான்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு இடம் கிடைக்கும். அவனுக்குக் கூட்டத்தில் இடம் போய்விடும். செம்பட்டை மண்ணைப் பார்த்தான். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றான்.

பூளை எழுந்து வெளியே வந்தாள். கோரை உள்ளே போய்ப் படுத்தாள்.

இதையெல்லாம் குளத்துக்குள் காய்ந்த நாணல் மறைவில் படுத்திருந்த நரி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

வெயிலில் புல் கருகி, வெளி மொட்டையாகக் கிடந்தது. ஓட்டம் ஒன்றுதான் முயலுக்குத் துணை. நரி எழுந்து வருவதைப் பூளை பார்த்தாள். குட்டிகள் இருந்த பக்கம் ஓடியிருந்தால் பதுங்க நாலு புல்லாவது இருந்திருக்கும். அவள் எதிர்ப்பக்கம் ஓடினாள். வளைந்து ஓடினாள், திரும்பி ஓடினாள், வயிறுதான் கூட ஓடவில்லை. கரையின் சரிவில் கால் ஓய்ந்து நின்றுவிட்டாள்.

"என்னை விட்டுரு. வயித்துல பிள்ளை இருக்கு."

"தெரியும்" என்றது நரி. "உன் ஆளுக ஒருத்தரும் நம்பல. நான் நம்பினேன். அதனாலதான் மத்தவங்களை எல்லாம் விட்டுட்டு உன் பின்னால வந்தேன்."

பொழுது சாய்ந்தது. புல்திட்டுக்கு ஒன்றாக இரண்டு குட்டிகளும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தன. செம்பட்டை இங்கேயும் அங்கேயுமாக ஓடினான். அவனிடம் பால் ஏது? முறத்தானிடம் போய் உண்மையைச் சொல்லி அழுதான்.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றான் முறத்தான். பிறகு வழக்கப்படி செம்பட்டையைத் தள்ளிவைத்தான். குட்டிகள் சத்தம் போடாமலே ஓய்ந்துபோயின. புதர் வழக்கத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. பூளை பாவம், ஓடத் தெரியாதவள் என்று பேசிக்கொண்டார்கள்.

கோரைக்குப் பிரசவம் ஆனது. புதருக்குள் மூன்று குட்டிகள். அவற்றை ஒளித்துவைத்துவிட்டு வந்து, அலுப்பில் கண்ணை மூடினாள். அப்போது அவள் வயிற்றுக்குள் ஏதோ மெல்லப் புரண்டது.

கோரை அசையாமல் படுத்திருந்தாள். மறுபடியும் புரண்டது. சந்தேகமே இல்லை. அவளுக்குப் பூளையின் முகம் நினைவுக்கு வந்தது. கூட்டம் சிரித்த சிரிப்பும் நினைவுக்கு வந்தது. அதில் தன் சிரிப்புதான் பெரிது என்பதும் நினைவுக்கு வந்தது.

அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? அடுத்தவள் வந்து வாசலில் நிற்பதற்கு முன்பே எழுந்து, கருகிய வெளியில் இறங்கி நடந்தாள். நாணல் மறைவில் படுத்திருந்த நரி அவள் நடையைப் பார்த்தது. எழுந்து உட்கார்ந்தது.

நம் கூட்டம் நம்ப மறுக்கிற உண்மையை, நம் எதிரி உடனே நம்பிவிடுவான்.